வாணியம்பாடியில் வாங்கிய சிங்கர் 29கே: சீர்செய்து விற்றது வரை

செருப்பு, பை, குடை, ரெக்சின் உறை தைக்கிற கடைகளில் நீளமான, மெலிந்த கையோடு நிற்கிற கருப்பு மிஷினைப் பார்த்திருப்பீர்கள். தைப்பவர் பையைத் திருப்ப மாட்டார். மிஷினின் பாதத்தைத் திருப்புவார். அது சிங்கர் 29கே வகை. வாணியம்பாடியில் மூடப்போன ஒரு ரிப்பேர் கடையிலிருந்து அப்படி ஒன்றை வாங்கி, பிரித்து, சரிசெய்து, வேலூரில் பை ரிப்பேர் செய்பவர் ஒருவருக்கு விற்றேன். அந்த விவரத்தை முழுசாக எழுதுகிறேன். பழைய மிஷின் வாங்கி விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெயின்டில் தொடங்குகிறார்கள். இந்த வகையில் விலையைத் தீர்மானிப்பது இரண்டு இடத்துத் தேய்மானம். இரண்டையும் காசு கொடுப்பதற்கு முன்பே கடையில் நின்றபடி பார்த்துவிடலாம். விற்கும்போது அதை அப்படியே எடுத்துச் சொல்லவும் வேண்டும்.

முதலில் மிஷினைப் பற்றி. 29கே-யில் இருக்கிற 'கே' கில்போவி என்ற இடத்தைக் குறிக்கிறது. ஸ்காட்லாந்தில், கிளைட்பேங்க் ஊரில் சிங்கர் கம்பெனி கட்டிய ஆலை அங்கேதான் இருந்தது. 1913-ல் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல் மிஷின்கள் அங்கிருந்து போயிருக்கின்றன. ஆலையின் மணிக்கூண்டில் இருந்த கடிகார முகம் ஒவ்வொன்றும் 26 அடி விட்டம். 1963-ல் கூண்டை இடித்தார்கள், 1980-ல் ஆலையையும் மூடிவிட்டார்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் 'சிங்கர்' என்றுதான் பெயர். என் கைக்கு வந்த மிஷினின் எண் ஆங்கில 'இ'-யில் தொடங்கும் இரட்டை எழுத்து வரிசை. கிளைட்பேங்கில் அந்த வரிசை 1935-ல் தொடங்கியது. பெயின்ட் அடித்து எண்ணை மறைத்த மிஷினை நான் வாங்குவதில்லை. எண் தெரிந்தால்தான் எந்தக் காலத்து மிஷின், எந்த மாடல், எந்தப் பாகம் பொருந்தும் என்று தேடிப் பிடிக்க முடியும்.

சாதாரணத் தையல் மிஷினில் துணியைக் கீழிருக்கும் பற்கள் நகர்த்தும். 29கே-யில் கீழே பல்லே கிடையாது. பாதமே சரக்கைப் பிடித்து ஓர் அடி நகர்த்தி, எழும்பி, திரும்பி வந்து மறுபடி பிடிக்கும். அதனால் பாதத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் தைக்கும், 360 டிகிரியும். பையின் மூலைக்குள், ஷூவின் முனைக்குள், ஜிப்புக்குப் பின்னால் என்று சாதாரண மிஷின் போகாத இடத்துக்கு இது போவதற்குக் காரணம் இந்தப் பாதமும் அந்த மெலிந்த கையும்தான். கையின் முனையில் கட்டை விரல் அளவே இடம். அதற்குள் மேல் நூலைப் பிடித்துக் கீழ் நூலோடு பின்னும் ஷட்டில், அதற்குள் கீழ் நூல் சுற்றிய மிகச் சின்ன பாபின். கைக்குள் ஒரு பல்சட்டம் முன்னும் பின்னும் ஓடி, முனையிலுள்ள சின்னப் பல்சக்கரத்தைத் திருப்பி ஷட்டிலை ஆட்டும்.

தேய்வதும் இந்த இரண்டு இடம்தான். ஒன்று, பாதத்தை நகர்த்துகிற லீவர்களும் அவை உரசுகிற முனைகளும். அவை தேய்ந்தால் தையல் நீளம் குறையும், திசைக்குத் திசை மாறும். இரண்டு, கைக்குள் ஓடும் அந்தப் பல்சட்டமும் சக்கரமும். அவை தேய்ந்தால் ஷட்டில் முனை ஊசிக்குச் சரியான நேரத்தில் வராது, தையல் விடும். மற்றதெல்லாம் எண்ணெயும் பொறுமையும் இருந்தால் சரியாகிவிடும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் பாலாற்றுப் பக்கத்துத் தோல் ஊர்கள். ஆலைக்குள் ஓடுகிற மிஷின்கள் இன்று வேறு. பழைய 29கே-க்கள் ஆலைக்கு வெளியே, தெருவோர ரிப்பேர் கடைகளில் தங்கிவிட்டன. நான் வாங்கியதும் அப்படி ஒரு கடையில் நின்றதுதான். கடையை நடத்தியவர் காலமாகிவிட்டார். மகன் போன் கடை வைத்திருக்கிறார். மிஷினை எடைக்குப் போட்டால் என்ன வரும் என்று காயலான் கடையில் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். இன்னொருவர் வந்து ஸ்டாண்டுக்கு மட்டும் நல்ல விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"தலைய நீங்க எடுத்துக்கங்க, ஸ்டாண்ட அவருக்குக் குடுத்துடறேன். ரெண்டு பக்கமும் காசு வரும்" என்றார் மகன்.

"பாய், ஸ்டாண்டு இல்லாம இந்தத் தலை ஓடாது. இதோட ஸ்டாண்டு வேற, தையல் மிஷின் ஸ்டாண்டு வேற. பிரிச்சுட்டா ரெண்டுமே இரும்புதான்" என்று சொன்னேன்.

இதில் எனக்கு வருத்தம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வார்ப்பிரும்பு ஸ்டாண்டுகளுக்கு இப்போது ஓட்டல்களிலும் காபிக் கடைகளிலும் பெரிய கிராக்கி. மேலே பலகையோ கிரானைட்டோ போட்டால் மேசையாகிவிடுகிறது. வீட்டுத் தையல் மிஷின் ஸ்டாண்டு லட்சக்கணக்கில் இருக்கிறது, போனால் போகட்டும். 29கே ஸ்டாண்டு அப்படிக் கிடைக்காது. உயரமாக, குறுகலாக, மிஷினின் கை வெளியே நீட்டிக்கொண்டு, அதைச் சுற்றி மூன்று பக்கமும் காலியாக இருக்கும்படி செய்தது. அது போனால் தலை மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். ஒரு வேலைக்காரரின் பிழைப்பும் அதோடு போகும். மகன் யோசித்தார். அப்பா அந்த ஸ்டாண்டின் மிதியில் கால் வைத்தே தன்னைப் படிக்க வைத்தார் என்றும் சொன்னார். சரி, சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

விலை பேசும் முன் இரண்டு சோதனை செய்தேன். கைச்சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் ஷட்டிலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் நிற்கும்போது ஷட்டில் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு பல் தேய்ந்திருக்கிறது. இதில் ஆட்டம் இருந்தது, ஆனால் குறைவு. அடுத்தது தையல் நீளம். நூல் கூட வேண்டாம். ஒரு துண்டு அட்டையை வைத்து, நீளத்தை அதிகபட்சத்துக்குத் தள்ளி, சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கு திசையிலும் ஊசித் துளை போட்டுப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள 29கே ஓர் அங்குலத்துக்கு ஐந்து தையல் வரை நீட்டும். இதில் முன்பக்கம் போகும்போது ஒன்பது துளை. இடது பக்கம் திருப்பினால் இன்னும் நெருக்கம். அட்டையை மகனிடமே காட்டினேன். அவருக்கு அது புரிந்தது. தோலில் துளைகள் நெருங்கினால் தபால் தலை ஓரம் போலக் கிழிந்துவிடும் என்று சொன்னதும், "அதான் கடைசி ரெண்டு வருஷமா அப்பா கையாலேயே தெச்சாரு" என்றார். ஏழாயிரத்துக்கு முடிந்தது, பழைய ஊசிகள், இரண்டு பாபின், துருப்பிடித்த ஒரு டப்பா உதிரிப் பாகங்கள் உட்பட.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்த்தது ஊசி. தவறான ஊசி போட்டிருந்தார்கள். 29கே-க்கு 29x3 என்ற வகை ஊசி. தோல் முனை வேண்டுமென்றால் 29x4. இதில் இருந்ததோ சாதாரண பவர் மிஷின் ஊசி. நீளமே வேறு என்பதால் ஏதோ ஒரு மாதிரி இறக்கி முடுக்கியிருந்தார்கள். பழைய மிஷின் தையல் விடுகிறது என்றால் நான் பார்க்கிற வரிசை எப்போதும் ஒன்றுதான்: ஊசி, நூல், ஷட்டிலில் இருக்கும் தகட்டு ஸ்பிரிங், அதற்கப்புறம்தான் பல். பல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி மிஷினை ஒதுக்கியவர்கள் பலருடைய மிஷினில் ஊசிதான் குற்றவாளி. இங்கேயும் சரியான ஊசி போட்டு, ஷட்டில் ஸ்பிரிங்குக்கு அடியில் இறுகியிருந்த மெழுகையும் பஞ்சையும் ஒரு விசிட்டிங் கார்டு ஓரத்தால் வழித்து எடுத்ததும், விட்ட தையல்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன.

நூல் கோக்கும் முறையையும் சொல்ல வேண்டும், வாங்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேல் நூல் ஊசித் தண்டுக்கு வெளியே வராது. தண்டு உள்ளே கூடானது. நூல் அதன் வழியே இறங்கி ஊசிக்கு வரும். அதற்கென்று நீளமான மெல்லிய கம்பி ஒன்று உண்டு. தொலைந்துபோகாத கம்பியை நான் பார்த்ததே குறைவு. சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஓர் இழையை உருவி, முனையை மடக்கிச் சின்னக் கொக்கி செய்துகொள்வேன். நன்றாகவே வேலை செய்கிறது.

பிரிப்பதற்கு நேரம் பிடித்தது. காரணம் தேங்காய் எண்ணெய். நம் ஊர்க் கடைகளில் மிஷின் எண்ணெய் தீர்ந்தால் கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயையோ விளக்கெண்ணெயையோ விட்டுவிடுகிறார்கள். சில நாள் நன்றாக ஓடும். பிறகு அது காய்ந்து பழுப்பு நிறத்தில் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும்; எண்ணெய்த் துளையே அடைபட்டுப் போகும். அதற்கு மேல் நல்ல எண்ணெய் விட்டாலும் உள்ளே இறங்காது, இரும்பும் இரும்பும் வெறுமனே உரசும். இந்த மிஷினில் பாத லீவர் அவ்வளவு தேய்ந்ததற்கு வயதை விட இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டி, மறுபடி ஊற்றி, கையால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத்தான் இளக்கினேன். பலம் போட்டுத் திருப்பினால் அந்தச் சின்னப் பல்சக்கரத்தில் ஒரு பல் போய்விடும்.

திருகுகளில் அவசரமே கூடாது. சிங்கர் திருகுகளின் மரை தனி வகை. இப்போது ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற மில்லிமீட்டர் அளவுத் திருகை அந்த ஓட்டையில் ஏற்றினால் மரை அழியும், அப்புறம் எதுவும் பிடிக்காது. திருப்புளியின் முனையை ஒவ்வொரு திருகின் வெட்டுக்கும் இறுக்கமாகப் பொருந்தும்படி அரத்தால் தேய்த்து வைத்திருக்கிறேன். கழற்றிய திருகு ஒவ்வொன்றையும் அட்டையில் மிஷின் படம் வரைந்து அதே இடத்தில் குத்தி வைப்பேன்.

இனி முக்கியமான வேலை, பாத லீவர். மிஷினின் தலைக்குள் இருக்கும் நீளமான லீவர் ஒன்று பின்பக்கம் சுற்றுகிற கேமில் (வட்டமாக இல்லாத சக்கரம்) உரசி ஆடுகிறது. அந்த ஆட்டம் தலையின் முன்பக்கம் ஒரு வளையத்தை ஏற்றி இறக்குகிறது. பாதத்தோடு சேர்ந்து சுற்றுகிற மடக்கு லீவர் ஒன்றின் முனை அந்த வளையத்தில் அமர்ந்து, மேல்கீழ் ஆட்டத்தைப் பாதத்தின் முன்பின் ஆட்டமாக மாற்றுகிறது. பாதம் எந்தத் திசையில் இருந்தாலும் வளையம் வட்டம்தானே, அதனால் எல்லாத் திசையிலும் ஒரே நீளம் வர வேண்டும். ஆனால் தைப்பவர்கள் முக்கால்வாசி நேரம் ஒரே திசையில் தைக்கிறார்கள். வளையத்தில் அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழுகிறது. விரல் நகத்தை வளையத்தின் மேல் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு இடத்தில் நகம் இறங்கி ஏறியது. மடக்கு லீவரின் முனை உருண்டையாக இருக்க வேண்டியது, தட்டையாகி ஓரத்தில் பிசிறு நின்றது.

லூதியானாவில் தையல் மிஷின் பாகங்கள் செய்யும் பட்டறைகள் ஏராளம். 29கே-க்குப் பொருந்தும் பாகங்களும் அங்கிருந்து வருகின்றன. மடக்கு லீவரை அப்படிப் புதிதாக வாங்கினேன். வந்த பாகத்தில் அச்சுத் துளை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அதை அளவுக்குத் தேய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. புதுப் பாகம் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். உள் லீவருக்குப் புதுசு தேடவில்லை. லேத் பட்டறையில் கொடுத்து, தேய்ந்த முனையில் பித்தளை வெல்டிங் வைத்து மேடாக்கி, பழைய வடிவத்துக்கு அரத்தால் இறக்கினோம். இந்த வேலையில் பட்டறைக்காரருக்கு வரைபடம் கொடுத்துப் பயனில்லை. தேயாத பக்கத்தைக் காட்டி, இந்த உயரம் அந்தப் பக்கமும் வேண்டும் என்று சொன்னால் போதும். நல்ல கைக்காரர் அவர். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நடுநடுவே மிஷினில் மாட்டிப் பார்க்க எனக்கு அவகாசம் கொடுத்தார். வளையத்தில் இருந்த பள்ளத்தை நான் நிரப்பவில்லை. வளையத்தைக் கழற்றி, கண்ணாடிப் பலகை மேல் மணல்தாள் விரித்துச் சமமாகத் தேய்த்துத் தட்டையாக்கினேன். அதில் கொஞ்சம் உயரம் போகும், ஆனால் எல்லாத் திசைக்கும் ஒரே அளவு போகும்.

மறுபடி அட்டை வைத்துப் பார்த்தபோது முன்பக்கம் அங்குலத்துக்கு ஆறு. பின், வலம், இடம் மூன்றிலும் ஆறு, ஆறரை. ஐந்து வரவில்லை. இன்னும் மேடாக்கினால் வரலாம், ஆனால் பாதம் போதுமான அளவு எழாமல் சரக்கில் உரசத் தொடங்கும். பை வேலைக்கு ஆறு தாராளம் என்று நிறுத்திக்கொண்டேன்.

பல்சட்டத்தையும் சக்கரத்தையும் மாற்றவில்லை. ஆட்டம் குறைவாக இருந்தது, தையலும் விடவில்லை. ஒன்றை மட்டும் புதுசாக்கினால் தேய்ந்த பல்லோடு புதுப் பல் ஒட்டாமல் கடிக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது இன்று தேவையில்லாத செலவு. வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் அவர் தீர்மானிக்கட்டும்.

பெயின்டைத் தொடவில்லை. கருப்புப் பூச்சின் மேல் இருக்கிற தங்க நிறப் படங்களைக் காப்பது ஒரு மெல்லிய ஷெல்லாக் படலம். ஸ்பிரிட்டில் நனைத்த துணி பட்டால் அது கரைந்து படமும் சேர்ந்து போய்விடும். மிஷின் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தாலே பல வருட அழுக்கு வந்துவிடுகிறது. கை உரசி உரசிப் படம் போன இடத்தை அப்படியே விட்டேன். முழுசாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வருகிற மிஷின்களில் எண்ணெய்த் துளைகள் பெயின்டால் அடைபட்டிருப்பதை நிறையவே பார்க்கலாம். அழகுக்கு வாங்குபவருக்கு அது போதும், வேலைக்கு வாங்குபவரை அது ஏமாற்றுகிறது.

விற்கிறேன் என்று தெரியப்படுத்தியதும் மூன்று விதமான ஆட்கள் வந்தார்கள். ஒருவர் காபிக் கடைக்கு அலங்காரமாக வைக்கக் கேட்டார், நான் கேட்ட விலைக்கு மேலேயே தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. ஓடுகிற மிஷினை ஓடவைக்கத்தான் இவ்வளவும் செய்தது. இரண்டாமவர் பெல்ட் செய்பவர். "ஹெவி டியூட்டிதானே, தடிமனான தோல் ரெண்டு மடிப்பு தைக்குமா?" என்று கேட்டார். தைக்காது. 29கே பார்ப்பதற்குத்தான் முரடு. உள்ளே இருக்கும் பல்லும் பாபினும் சின்னவை. தடித்த நூல் ஏற்றாது, கால் அங்குலத்துக்கு மேல் கனமான சரக்கில் நம்பி ஓட்டக்கூடாது. குதிரைச் சேணம், கனத்த பெல்ட் எல்லாம் சிங்கர் 45கே போன்ற மிஷினின் வேலை. 'ஹெவி டியூட்டி' என்ற சொல்லைப் போட்டு எதையும் விற்றுவிடலாம் என்று ஆகிவிட்டது. வீட்டுத் தையல் மிஷினைக் கூட அப்படிச் சொல்லி விற்கிறார்கள். எந்த மிஷின் எந்தச் சரக்கை, எந்த நூலில், எவ்வளவு கனம் வரை தைக்கும் என்று சொல்வதுதான் விற்பவரின் கடமை. அவருக்கு 45கே தேடச் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாமவர் வேலூரில் பள்ளிப் பை, பயணப் பை ரிப்பேர் செய்பவர். வரும்போது கையோடு கிழிந்த பையும், ரெக்சினும், ஒரு ஜிப்பும், தன் நூல் உருளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். என் நூலில் தைத்துக் காட்டுவதில் அர்த்தமில்லை. பையின் வாயை மிஷினின் கை மேல் மாட்டி, மூலை வரை ஜிப்பைத் தைத்து, அங்கே பாதத்தைத் திருப்பி, பையை எடுக்காமலேயே அடுத்த பக்கம் போனார். மூலையில் ஒரு தையலும் விடவில்லை. உள்ளே கைவிட்டுக் கீழ் நூலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "அண்ணா, மோட்டார் மாட்டிக் குடுத்துடுவீங்களா?" என்று கேட்டார்.

மாட்ட மாட்டேன் என்றேன். வேகமாகச் சுற்றும் கிளட்ச் மோட்டாரைப் போட்டால் மிச்சமிருக்கிற பல்லும் சீக்கிரம் போய்விடும். ரிப்பேர் வேலையில் பத்துத் தையல் போட்டு, நிறுத்தி, திருப்பி, மறுபடி போடுவதுதான் வழக்கம். மிதியும் கைச்சக்கரமும் அதற்குப் பொருத்தம். பாபின் சின்னது, நீள ஓட்டத்துக்கு இது மிஷினே இல்லை. அதனால் பாபின்களை முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன். பாதத்தின் அடியில் இருக்கும் பற்கள் மிருதுவான தோலில் தடம் பதிக்கும் என்பதையும் ஒரு தோல் துண்டில் தைத்துக் காட்டினேன்.

கணக்கு இது. வாங்கியது ஏழாயிரம். வண்டி வாடகை, மடக்கு லீவர், லேத் வேலை, ஊசிகள், புது பாபின்கள், தோல் பெல்ட், மண்ணெண்ணெய், எண்ணெய் எல்லாம் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டி. விற்றது பதினான்காயிரத்து ஐந்நூறு. என் நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்தால் பெரிய லாபம் இல்லை. தலையைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஸ்டாண்டைத் தனியாக விற்றிருந்தால் இதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கும். கூடுதல் வருவது அடுத்த மிஷினில்தான்: பட்டறைக்காரருக்கு இப்போது லீவர் வடிவம் தெரியும், புதுப் பாகத்தின் துளையை எந்த அளவுக்குத் தேய்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

மிஷினோடு ஒரு தாளும் எழுதிக் கொடுத்தேன். மாடல், எண், மாற்றிய பாகம், மேடாக்கிய பாகம், மாற்றாமல் விட்ட பாகம், நான்கு திசைத் தையல் நீளம், போட வேண்டிய ஊசி, எண்ணெய் விட வேண்டிய துளைகளின் படம், தேங்காய் எண்ணெய் கூடாது என்ற வரி. பல்சட்டமும் சக்கரமும்தான் அடுத்து மாற்ற வேண்டியவை என்று தனியாகக் கோடிட்டிருந்தேன். ஜூன் மாதப் பள்ளிப் பை அவசரம் முடிந்ததும் அவர் போன் செய்தார். சீசன் முழுக்க நன்றாக ஓடியது, இப்போது இடது பக்கம் திருப்பும்போது மட்டும் எப்போதாவது ஒரு தையல் விடுகிறது என்றார். ஊசியை மாற்றிப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன். மாற்றியும் அப்படித்தான் இருக்கிறதாம். பல்சட்டம், சக்கரம் இரண்டையும் ஜோடியாக வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் அவர் கடையிலேயே உட்கார்ந்து மாட்டிக் கொடுக்க வேண்டும்.